எழுதச் சொல்லும் முன் ஒருமுறை வாயால் கேட்டுப் பாருங்கள்

முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பு என்றால், அதில் ஒரு பிள்ளைக்காவது கை கால் அசைவுகளைச் சேர்த்து இயக்குவதில் நிஜமான சிரமம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மனநல, வளர்ச்சிக் குறைபாடுகளை வகைப்படுத்தி அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, 5 முதல் 11 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு இந்தச் சிரமம் இருப்பதாகச் சொல்கிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். மருத்துவர்கள் எழுதும் பெயர் டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர், சுருக்கமாக டி.சி.டி.; பெற்றோருக்குப் பழக்கமான பெயர் டிஸ்பிராக்சியா. நான் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எடுப்பவள். ஒவ்வொரு வருடமும் இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அறிவை நாம் எல்லோரும் அதன் கையை வைத்தே அளக்கிறோம் என்பதுதான் என் வருத்தம், இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமும் அதுதான்.

பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. சட்டைப் பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டிருக்கும், டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் பக்கத்தில் இருப்பவரைத் தேடும், தண்ணீர் குடித்தால் பாதி சட்டையில். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பாதியில் ஸ்கேல் நழுவிக் கோடு வளைந்துவிடும், ரப்பர் போட்டு அழித்தால் தாள் கிழிந்துவிடும். பென்சிலை அழுத்திப் பிடித்து நாலு வரி எழுதியதும் கை வலிக்கிறது என்று உதறும். வரிசையில் நிற்கும்போது யார் மேலாவது இடித்துக்கொள்ளும். பந்து கிட்டே வந்த பிறகுதான் கையை நீட்டும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் எப்போதாவது செய்கிறவைதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு எல்லாமே, எல்லா நாளும், வயது ஏற ஏற மற்றவர்களுக்குச் சரியாகிவிடும்போதும் சரியாகாமல் நீடிக்கும். ஆசிரியர் அறையில் இதற்கு வைத்திருக்கும் பெயர்கள் உங்களுக்கும் தெரியும்: கவனமே இல்லை, சோம்பேறி, மந்தம்.

இது புதிதாக யாரோ கண்டுபிடித்த நோய் என்று நினைக்க வேண்டாம். 1962-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இத்தகைய குழந்தைகளைப் பற்றித் தலையங்கம் எழுதியிருக்கிறது. அப்போது ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் தடுமாறும் குழந்தை என்கிற மாதிரியானது, கேட்கவே நன்றாக இருக்காது. 1994-இல் கனடாவின் ஒன்டாரியோவில் இருக்கும் லண்டன் நகரில் பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி, எல்லோரும் டி.சி.டி. என்றே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள்.

சரி, கை வராததற்கும் யோசிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

முதல் சம்பந்தம் எளிது. டூ வீலர் புதிதாகப் பழகும்போது கிளட்சையும் கியரையும் கவனித்துக்கொண்டிருப்பவரிடம் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது கேட்டால் பதில் வராது. பழகியபின் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஓட்டுவார். எழுத்தும் அப்படித்தான், மற்ற பிள்ளைகளுக்கு இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே கை தானாக ஓட ஆரம்பித்துவிடுகிறது, மனம் விடையை யோசிக்கிறது. டி.சி.டி. உள்ள பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பிலும் கை தானாக ஓடுவதில்லை. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் அது யோசித்துத்தான் போட வேண்டியிருக்கிறது. விடையை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தை எழுத்தின் உருவமே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நன்றாகத் தெரிந்த விடையைக்கூடப் பாதி எழுதிவிட்டு, மீதி என்ன என்று மறந்துபோய் நிற்கிறது.

தமிழ் எழுதுவதில் இன்னொரு சங்கடம் உண்டு, இதை நான் வகுப்பில் பார்த்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். 'கொ' என்று எழுத வேண்டும் என்றால் காதில் முதலில் விழுவது க், அதன் பிறகுதான் ஒ. கை போட வேண்டியதோ முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். அதாவது எழுத்தைத் தொடங்கும் முன்பே அது எங்கே முடியும் என்று திட்டமிட்டு, மூன்று துண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வரிசையாக இறக்க வேண்டும். கோ, கொ, கெள, கை எல்லாமே இப்படி முன்யோசனை கேட்கிற எழுத்துகள். ண, ணை, ன, னை என்று சுழிகளை எண்ணிப் போட வேண்டியது வேறு. கை நன்றாக வரும் பிள்ளைக்கு இது ஒரு சில மாதப் பழக்கம். கை திணறும் பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு கட்டுமான வேலை. அதைச் செய்துகொண்டே 'மழைநீர் சேகரிப்பின் அவசியம் யாது' என்பதற்கும் யோசித்து எழுது என்றால் பாவம் அது என்ன செய்யும்?

இரண்டாவது சம்பந்தம் இன்னும் ஆழமானது. எல்லாவற்றையும் கையெழுத்துச் சுமை என்று சொல்லி முடித்துவிட முடியாது. இங்கிலாந்தின் லண்டனில் ஹேலி லியோனார்ட், எலிசபெத் ஹில், லூசி ஹென்றி முதலிய ஆய்வாளர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்து 2015-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். மனதில் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டே வேலை செய்வது, கை பரபரக்கும்போது நிறுத்திக்கொள்வது, முன்கூட்டித் திட்டமிடுவது, புதிது புதிதாக யோசனை வரவழைப்பது, ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது என்று ஐந்து திறன்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சோதித்தார்கள், ஒருமுறை பேச்சால், ஒருமுறை பேச்சில்லாமல் படம், இடம், வடிவம் என்று. பேச்சுச் சோதனைகளில் டி.சி.டி. உள்ள பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சமமாக வந்தார்கள். பேச்சில்லாத சோதனைகளில், விதி மாற்றுவது தவிர மற்ற நான்கிலும், பின்தங்கினார்கள். இன்னொன்றும் தெரிந்தது: மருத்துவரிடம் போய்ப் பெயர் வாங்காத, ஆனால் சோதித்தால் அசைவுச் சிரமம் இருக்கிற பிள்ளைகளுக்கும் அதே பின்னடைவு இருந்தது. நம் வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். நம் ஊரில் யார் பெயர் வாங்கப் போகிறார்கள்? இரண்டு வருடம் கழித்து மறுபடி பார்த்தபோது சில சிரமங்கள் அப்படியே நீடித்திருந்தன, குறிப்பாக இடத்தையும் வடிவத்தையும் மனதில் பிடித்து வைப்பது.

ஆக, வாய் வழியே வருகிற யோசனை நன்றாக இருக்கிறது. கண்ணாலும் கையாலும் இடத்தை வைத்து யோசிக்கிற வேலையில் சிக்கல் இருக்கிறது. கணக்கில் இது நன்றாகவே தெரியும். மனக்கணக்கு சட்டென்று வரும், அதையே நோட்டில் போடச் சொன்னால் ஒன்றாம் இடத்துக்குக் கீழே பத்தாம் இடம் எழுதி, கடன் வாங்கியதை எங்கே குறித்தோம் என்று தெரியாமல் தப்பாகிவிடும். வரைபடம் குறிப்பதும் வடிவியலும் அதைவிடக் கஷ்டம். காலையில் பையில் என்ன எடுத்து வைக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்கிற ஒழுங்கும் இதே ரகம்.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன? அடெல் டயமண்ட் என்கிற நரம்பியல் ஆய்வாளர் 2000-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. அசைவுக்கானது என்று நாம் படித்த சிறுமூளையும், திட்டமிடுவதற்கானது என்று படித்த நெற்றிப்பகுதி மூளையும் பல வேலைகளில் சேர்ந்தே இயங்குகின்றன, புதிய வேலை, கடினமான வேலை என்றால் இன்னும் அதிகமாக, என்று அதில் விளக்கியிருந்தார். கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள ஏ.டி.எச்.டி. குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு டி.சி.டி.யும் சேர்ந்திருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். இதை வைத்துக்கொண்டு பந்து பிடிக்கப் பழக்கினால் கணக்கு வந்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். இரண்டும் சேர்ந்திருப்பது ஒரு விஷயம், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று தானாகத் திருந்துவது முற்றிலும் வேறு விஷயம்.

அறிவுத்திறன் சோதனையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்னும் பல இடங்களில் மாலின் சோதனை என்கிற எம்.ஐ.எஸ்.ஐ.சி.தான் எடுக்கிறார்கள். அதில் பேச்சுப் பகுதி ஒன்று, செயல் பகுதி ஒன்று. செயல் பகுதியில் கட்டைகளை அடுக்கி வடிவம் செய்வது, துண்டுகளைச் சேர்ப்பது, குறியீடுகளை வேகமாக எழுதுவது எல்லாம் வருகின்றன, கடிகாரம் பார்த்து. கை மெதுவான பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் விழும், இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு ஒரே எண்ணாகத் தந்தால் நன்றாக யோசிக்கிற பிள்ளைகூடச் சராசரிக்குக் கீழே என்று ஆகிவிடும். ரிப்போர்ட் கையில் வாங்கும் பெற்றோர் அந்த ஒற்றை எண்ணோடு திரும்பி வராதீர்கள். பேச்சுப் பகுதி எவ்வளவு, செயல் பகுதி எவ்வளவு, எந்தெந்தச் சோதனையில் இறங்கியது என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் வகுப்பில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். பரீட்சைத் தாளில் அவள் எழுதுவது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி, அதுவும் எழுத்து ஒன்றின் மேல் ஒன்றாக. முந்தைய வகுப்பில் மெல்லக் கற்பவர் பட்டியலில் இருந்தவள். வாயால் கேட்டால் நீர் சுழற்சியை முழுக்கச் சொல்கிறாள். கூடவே, "அப்ப கடல்ல இருந்து போற தண்ணி உப்பா இல்லாம ஏன் டீச்சர் மழையா வருது?" என்று கேட்கவும் செய்கிறாள். அந்தக் கேள்வி வகுப்பில் வேறு யாருக்கும் வரவில்லை. இவளை எந்தப் பட்டியலில் வைப்பது?

அவளோடு நான் முயன்று பார்க்கிற முறை கனடாவிலிருந்து வந்தது. ஹெலன் பொலட்டைக்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கியது, கோ-ஆப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். குறிக்கோள், திட்டம், செய், சரிபார் என்று நாலே படி. முறைப்படி இதைச் செய்ய வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். நான் அதன் சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், பிள்ளையிடம் நன்றாக இருக்கிற பேச்சையும் யோசனையையும் வைத்துத்தான் திணறுகிற கையைப் பழக்குகிறது. பெரியவர் கையைப் பிடித்துச் செய்து காட்டுவதில்லை, இப்படிச் செய் என்று சொல்வதும் இல்லை. எதைக் கற்க வேண்டும் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கே தப்பாகிறது என்று கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளையையே கண்டுபிடிக்க வைக்க வேண்டும்.

இவள் தேர்ந்தெடுத்தது ஸ்கேல் வைத்துக் கோடு போடுவது. கையெழுத்தைத்தான் சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லை, ஸ்கேல்தான் வேண்டுமாம்.

"ஸ்கேல் எப்ப நகருதுன்னு பாரு கண்ணு."

"பென்சில் இந்தக் கோடிக்கு வர்றப்ப டீச்சர்."

"அப்ப உன் விரல் எங்க இருக்கு?"

"அந்தக் கோடியில... ஓ, ரொம்ப தூரத்துல இருக்கு."

அவளாகவே விரல்களை விரித்து நடுவில் வைத்தாள், மறுபடியும் நழுவியது, இன்னும் அழுத்த வேண்டும் என்று அவளே சொன்னாள். இப்போது கோடு போடும்போதெல்லாம் "நடுவுல, விரி, அழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே போடுகிறாள். கோடு நேராக வருகிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, போன வாரம் தண்ணீர் பாட்டில் மூடிக்கும் அவளே இப்படி ஒரு வழி கண்டுபிடித்ததுதான். மூடியைத் திருகும் கை திரும்பினால் பாட்டிலைப் பிடித்த கையும் சேர்ந்து திரும்பியது; பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

இது நான் கண்ட ஒரு பிள்ளையின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். டி.சி.டி.க்கான ஐரோப்பிய வழிகாட்டுதல், கடைசியாக 2019-இல் வந்தது, இதே திசையைத்தான் காட்டுகிறது. பிள்ளைக்கு அன்றாடம் தேவைப்படும் வேலையை நேரடியாகப் பழக்குங்கள் என்கிறது. அடியில் இருக்கும் ஏதோ ஒரு பொதுத்திறனை வளர்த்தால் எல்லாம் சரியாகும் என்கிற வகைச் சிகிச்சைகளை அது முன்னிறுத்தவில்லை. சைக்கிள் வர வேண்டுமானால் சைக்கிள், நாடா கட்ட வேண்டுமானால் நாடா. மாதா மாதம் பெரிய தொகை கட்டி ஊஞ்சலிலும் பெரிய பந்திலும் உட்கார வைத்துக் கூட்டி வருகிற பெற்றோரை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சிகிச்சையாளரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று மாதம் கழித்து என் பிள்ளை வீட்டில் எந்த வேலையைத் தானாகச் செய்யும்? தெளிவான பதில் வந்தால் தொடருங்கள்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாக. அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சும் பிள்ளை விளையாடவே போகாது, போகாததால் பழக்கம் இன்னும் குறையும், உடம்பும் தளரும், மனமும் சுருங்கும். டி.சி.டி. உள்ள பிள்ளைகளிடம் பதற்றமும் தனிமையும் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எதிராளி இல்லாத விளையாட்டு இவர்களுக்குச் சுலபம், நீச்சல் நன்றாக ஒத்துவரும். எதிராளி உண்டு என்றாலும் பல்லாங்குழியும் எனக்குப் பிடிக்கும்: விரல் வேலையும் எண்ணுவதும் திட்டமிடுவதும் சேர்ந்திருக்கிறது, யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. டி.சி.டி. என்பது சின்ன வயதிலிருந்தே இருப்பது, மெதுவாகவாவது முன்னேறுவது. முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியவில்லை, அடிக்கடி விழுகிறான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுகிறான், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பலவீனமாக இருக்கிறது என்றால் அது வேறு, தசை நோயாகவோ நரம்புப் பிரச்சினையாகவோ இருக்கலாம், உடனே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். கண் பரிசோதனையும் முதலிலேயே செய்துவிடுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் என்றால் பிள்ளைகளைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் ஆசிரியரே சொல்லலாம், அவர்கள் மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்பக்கட்டச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள், செலவில்லை. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் கேட்கலாம். இடது கையால் எழுதுவது இதில் சேராது. அதை மாற்ற முயன்று பிள்ளையை வதைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கற்றல் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கத்தில் வாசிப்பில் சிரமமான டிஸ்லெக்சியா, எழுதுவதில் சிரமமான டிஸ்கிராஃபியாவோடு டிஸ்பிராக்சியாவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அடுத்து, சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதத்துக்குக் குறைவு, அதனால் பரீட்சையில் எழுதித்தர ஆள் கிடையாது என்று சொல்லி அனுப்புவது நடக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள விகாஷ் குமார் என்பவர், குடிமைப் பணித் தேர்வில் தனக்கு அப்படி மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, எழுதுவதில் சிரமம் உள்ள மாற்றுத்திறனாளிக்கு எழுத்தர் வசதி தர 40 சதவீதம் என்கிற வரம்பை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அந்த வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது; மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பதும் அதில் உண்டு. பத்தாம் வகுப்பு வரும்போது அலைந்துகொள்ளலாம் என்று காத்திருக்காமல் இப்போதே மருத்துவச் சான்றைத் தயார் செய்துவையுங்கள்.

தொடக்கப் பள்ளியில் எங்கள் கையில் இருப்பதை எந்த அரசாணைக்கும் காத்திராமல் செய்யலாம். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதில் அச்சிட்ட தாளைக் கொடுத்துக் கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்பச் சொல்லலாம். கணக்குக்குப் பெரிய கட்டம் போட்ட நோட்டு. அழகான கையெழுத்துக்கு ஒரு நாள், சரியான விடைக்கு இன்னொரு நாள் என்று பிரித்துத் திருத்தலாம், ஒரே தாளில் இரண்டையும் கேட்க வேண்டாம். வேலையைச் சொல்லும்போது மூன்று கட்டளையை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லலாம். தண்டனையாகப் பத்து முறை எழுதச் சொல்வதை இந்தப் பிள்ளைகளுக்கு அடியோடு விட்டுவிட வேண்டும், அது தண்டனையிலும் கொடிய தண்டனை. எழுதிய விடை அரைகுறையாக இருந்தால் மதிப்பெண் போடும் முன் பக்கத்தில் கூப்பிட்டு அதே கேள்வியை வாயால் கேட்கலாம், இரண்டு நிமிடம்கூட ஆகாது.

பெரிய வகுப்புக்குப் போனால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். 50 முதல் 70 சதவீதம் பேருக்கு இந்தச் சிரமம் பிறகும் தொடர்கிறது என்றுதான் டி.எஸ்.எம்.-5 சொல்கிறது. அதனால் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழோடு ஒரு பக்கக் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன், ஆறாம் வகுப்பு ஆசிரியருக்கு. எதை வாயால் நன்றாகச் சொல்லும், எழுதும்போது எங்கே நிற்கும், எந்த உதவி கொடுத்தபோது தானாகச் செய்தது, எந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று. நோயின் பெயரை அதில் எழுதுவதில்லை, அது பெற்றோர் சொல்ல விரும்பினால் சொல்ல வேண்டியது. அந்தக் கடிதத்தின் மாதிரி வேண்டும் என்கிற ஆசிரியர்கள் கேளுங்கள், பெயரை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.